மேற்பார்வையாளர் கருத்து

முன்னேற்ற அறிக்கையின் கடைசிக் கட்டத்தையும் ஜோசலின்தான் நிரப்புவாள். ‘மேற்பார்வையாளர் கருத்து’ என்று அதன் தலையில் அச்சிட்டிருக்கும். முதல் தடவை காலியாகக் கொண்டுபோனபோது அவளுடைய பிஎச்.டி. வழிகாட்டி தேவானந்தம் சார் நிமிராமலே சொன்னார்: “நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா. உன்னைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?”

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தன் முன்னேற்றம் திருப்தி என்று தானே எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது அறிக்கையில் அவர் சொல்வதுபோல ஒரு வரி கூடிப்போயிற்று. ‘ஜூனில் நாவலூர் ஏரிக்கு நேரில் சென்று பார்த்தேன். நத்தை சேகரிப்பு நன்றாக நடக்கிறது.’

ஜூனில் ஏரியைத் தூர் வாரினார்கள். அவள் குறித்து வைத்திருந்த ஆறு இடங்களிலும் ஒரு செடி மிச்சமில்லை. செடியில்லாத தண்ணீரில் அவள் ஆராயும் நத்தைகள் தங்காது. சாரிடம் சொல்ல நான்கு முறை போனாள். மூன்று முறை மீட்டிங். நான்காவது முறை, “ரெவ்யூ முடியட்டும், பேசலாம்” என்றார். ரெவ்யூவில் கமிட்டி திருப்தியில்லை என்றால் பதிவே ரத்தாகும். இரண்டரை வருடமும் வீண்.

பதினொரு மணிக்குக் கமிட்டி. சமோசா டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு வராந்தாவில் நடந்தாள். கையில் பேனா டிக் டிக்கென்றது.

“உக்காரேன் ஜோ,” என்றான் உடன் ஆய்வு செய்யும் எபி. “நீ நடக்கிற நடைக்கு இந்நேரம் நாவலூரே போயிருக்கலாம்.”

“கமிட்டிக்கு வெளியிலேர்ந்து யாரு வராங்க?”

“பட்டாபிராமன் சார். ரிட்டயர்டு புரொபசர். அவர் வீடு உன் ஏரிக்கு எதிர்லதான். தினம் கரையில வாக்கிங்.”

பேனா நின்றது. அறிக்கை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

பட்டாபிராமன் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பக்கத்தில் துறைத்தலைவர் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

“தேவானந்தம், ஜூன்ல போயிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“எந்தப் பக்கம்?”

“அந்த… கிழக்குப் பக்கம்.”

“கிழக்குப் பக்கம் ஒரு மாசமா ஜேசிபிதான் நின்னுச்சு. அதைப் பார்க்கவா போனீங்க?”

துறைத்தலைவர் மெல்வதை நிறுத்தினார். தேவானந்தம் ஜோசலினைப் பார்த்தார். “பொண்ணு சொன்னதை வெச்சுத்தான் சார்…”

அவள் எழுந்து நின்றாள்.

“சார் வரல, சார். அந்தக் கட்டத்தை எப்பவும் நான்தான் எழுதுவேன். ஆறு இடத்துலயும் நத்தை இல்ல. சொல்ல வந்தேன். சொல்ல முடியல.”

பட்டாபிராமன் கோப்பிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை உருவி தேவானந்தத்தின் பக்கம் தள்ளினார்.

“இப்ப எழுதுங்க. கையால. அதைப் படிச்சுட்டு இந்தப் பொண்ணோட பதிவை வெச்சுக்கறதா வேணாமான்னு பார்க்கறோம்.”

தேவானந்தம் சட்டைப் பையைத் தடவினார். ஜோசலின் தன் பேனாவை நீட்டினாள். அவர் அவள் பெயரை எழுதினார். ஆய்வுத் தலைப்பைப் பழைய படிவத்தைப் பார்த்து எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. பேனாவின் தலையை அழுத்தினார். டிக். டிக். அவள் கைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அவர் நிமிர்ந்தார்.

“ஏரியில இப்ப என்னம்மா இருக்கு?”

இரண்டரை வருடத்தில் அவள் ஆய்வைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

“தண்ணி இருக்கு சார். வடக்கு மதகுகிட்ட மட்டும் கோரை திரும்ப முளைக்குது. நத்தை வருதான்னு பார்த்துட்டிருக்கேன்.”

“ம், முளைக்குது,” என்றார் பட்டாபிராமன்.

தேவானந்தம் அதை எழுதினார். அடித்தார். திரும்ப எழுதினார்.

“எத்தனை நாளா முளைக்குது?” என்று கேட்டார்.