அண்ணனின் வாய் மட்டும் அசைகிறது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் அக்கா ஒரு நாள் காலையில் போன் செய்து, "வீடியோல அண்ணன் வாய் மட்டும் அசையுது, சத்தமே இல்ல. நீதான் கதை எழுதுறவனாச்சே, அவன் என்ன பேசினான்னு நீயே எழுதிக் குடுத்துடு" என்றாள். எழுதுவேன் என்று வெளியே சொல்லிக்கொண்டால் இதுதான் கதி.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மௌனம் என்பது உறவுகளுக்கு இடையே ஓடும் ஒரு—'

வேண்டாம். மௌனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திரையைப் பதிவு செய்யும் மென்பொருளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: 'மைக்', 'கணினி ஒலி'. இரண்டிலும் டிக் போட வேண்டும். நான் முதலாவதில் மட்டும் போட்டேன். அக்கா காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் அண்ணனின் குரல் நேராக அவள் காதுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

3

இதற்கு ஏன் இவ்வளவு அமர்க்களம் என்றால், அம்மா படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் அக்காதான் பார்த்துக்கொண்டாள். வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் ஒருமுறை போனில், "நீ அங்க சும்மாதானே இருக்கே" என்றான். அந்த 'சும்மா'வுக்குப் பிறகு அக்கா ஆறு வருஷம் அவனோடு பேசவில்லை.

(இங்கே அம்மாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நானே அழுதுவிட்டதால் அடித்துவிட்டேன்.)

இருவரையும் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வீடியோ அழைப்பில் உட்காரவைத்தேன். நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாரும் மாற்றிப் பேசக் கூடாதே என்று பதிவும் செய்தேன். நாற்பத்தேழு நிமிடம். முடிந்ததும் அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மன்னிச்சிடுன்னு சொன்னான்டா" என்றாள். "அந்த இடத்தைத் திரும்பப் போடு."

போட்டேன். அக்காவின் குரல் கணீரென்று வந்தது: "ம்... ம்ம்... அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். அண்ணன் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

4

ஒலியளவைக் கூட்டினேன். வேறு மென்பொருளில் திறந்தேன். கணினியை அணைத்துப் போட்டேன்.* இணையத்தில் கேட்டதற்கு முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: 'பதிவாகாத ஒலியை மீட்க வழியில்லை. அடுத்த முறை கணினி ஒலியில் டிக் போடுங்கள்.' அடுத்த முறையாம்! எங்கள் வீட்டில் முதல் முறைக்கே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

* எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லாரும் செய்வதுதான்.

5

அண்ணனையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். ஒரு கதாபாத்திரமாக அவன்மேல் எனக்கு நம்பிக்கை போனது இந்த இடத்தில்தான்.

"மன்னிச்சிடுன்னா சொன்னேன்? மறந்திடுன்னுதானே சொன்னேன். சரி விடு."

அக்காவிடம் சொன்னேன். கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து அவன் உதட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு சொல்லுமே உதட்டை மூடித் தொடங்கி, குவித்து முடிகின்றன. நடுவில் நடப்பதெல்லாம் வாய்க்குள். பன்னிரண்டு தடவை பார்த்தபின் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டது சரிதானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றாள். என் ஒரு டிக் அவளிடமிருந்து எதைப் பிடுங்கியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில்தான் நான் முதலில் சொன்ன அந்தப் போன்.

6

எழுதினேன். முதல் வடிவம்: 'தங்கையே, உன் தியாகத்தின் முன் நான் தலைகுனிகிறேன்.'

"அவன் இவ்வளவு நல்லா பேச மாட்டான்."

இரண்டாம் வடிவம்: 'தப்பு என்மேலதான். மன்னிச்சிடு.'

"இதுல ஒரு 'சரி விடு' கூட இல்லையே?"

மூன்றாம் வடிவத்தில் நாலு 'சரி விடு' போட்டேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் மாதிரியேதான் இருக்கு. ஆனா எழுதினது நீதானே" என்று காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

எத்தனையோ பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. இப்படி யாரும் அனுப்பியதில்லை.

7

அடுத்த ஞாயிறு மீண்டும் அழைப்பு. இரண்டு கட்டத்திலும் டிக். முன்கூட்டியே ஒரு பற்பசை விளம்பரத்தை ஓடவிட்டுப் பதிந்து பார்த்தேன். கொப்பளிப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. இந்தத் தடவை ஹெட்போனும் இல்லை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்.

"ரெக்கார்ட் ஆகுதா?"

"ஆகுது."

"அப்படியா." தொண்டையைச் செருமினான். "அங்கே வானிலை எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது" என்றாள் அக்கா.

செய்தி வாசிப்பது போல ஒன்பது நிமிடம் போனது. சட்டென்று அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், அதை நிறுத்து."

நிறுத்தினேன்.

"நீயும் வெளிய போ."

"நான் எதுக்கு?"

"நீ எழுதிடுவே."

"ஆமா, அவன் எழுதிடுவான்" என்றான் அண்ணன் திரையிலிருந்து. ஆறு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

8

கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அக்கா கத்தினாள். பிறகு வெகுநேரம் அண்ணனின் குரல், சொல் பிரியாமல், தணிவாக. அவன் அழுதான் என்று ஒரு முடிவு எழுதினேன். அக்கா எழுந்து இணைப்பைத் துண்டித்தாள் என்று இன்னொரு முடிவு எழு—

கதவு திறந்தது. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"வர்ற பதினெட்டாம் தேதி இங்க வர்றானாம். ஏர்போர்ட்டுக்கு நான் போய்க்கிறேன். நீ வர வேணாம்."

இதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. ஆனால் வாசகரே, உங்களைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் தாராளமாக ஏர்போர்ட்டுக்குப் போகலாம். போனால், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.