நண்டு மார்க் டிஸ்க்

யோகராஜுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான். டிஸ்க்கில் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் புரோகிராம், அதுவும் தமிழில் பேசும் புரோகிராம் எழுதியிருப்பதாகக் கோவில்பட்டி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். அதை நம்பித்தான் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி தன் தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் போடச் சொன்னார். நண்டு மார்க் லேபிள் படங்கள் அத்தனையும் ஃப்ளாப்பி போலவே இருக்கும், ஆனால் அதைவிடத் தடித்த எம்.ஓ. டிஸ்க் ஒன்றில் இருந்தன. வேறு நகல் கிடையாது.

"காலைல ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு, மறுநாள் பல் விளக்கும்போதுதான் உறைத்தது. சாதாரண டிஸ்க்கில் ஒரு செக்டருக்கு, அதாவது ஒரு கட்டத்துக்கு, 512 பைட். அந்தத் தடியனில் 2048. நாலு படிப் பெட்டியை ஒரு படி என்று அளந்து, நல்ல டிஸ்க்கையே குப்பை என்று சொல்லிவிடும் இந்தப் புரோகிராம். சரிசெய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் அழித்தும் விடும்.

வாயில் நுரையோடு டெலிபோன் பூத்துக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, என்ன சொல்லுது?"

"மொத்தமும் பழுதுங்குதுடே. சரிசெய்யட்டுமா, ஆமாவா இல்லையான்னு கேக்கு."

"இல்லைய அமுக்குங்க!"

"காலங்காத்தால, சாமிக்குச் சாம்பிராணி போட்ட கையோட, 'இல்லை'ன்னு சொல்லச் சொல்லுதியா? எங்கய்யா மளிகைக் கடையில உப்பு தீந்தாக்கூட 'நாளைக்கு வரும்'னுதாம்ல சொல்லுவாவ."

"அப்ப கம்ப்யூட்டர அணைச்சிருங்க!"

"சாமி வெளக்கு எரியுத ஆபீஸ்ல 'அணை'ங்கான். மொதல்ல வாயக் கழுவுலே!"

டொக்கென்று ஒரு சத்தம். 'ஆமா'வை அமுக்கிவிட்டார்.

யோகராஜ் நுரையை விழுங்கினான். சைக்கிளை மிதித்து ஆபீஸில் போய் விழுந்தபோது, அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"எழுத முடியலன்னு நிக்குடே ஒம் புரோகிராம்."

டிஸ்க்கை உருவிப் பார்த்தான். எழுதவிடாமல் தடுக்கும் மூலைத் தாழ் போட்டிருந்தது.

"நாந்தாம்ல தள்ளிவிட்டேன். கல்லாவோ டிஸ்க்கோ, பூட்டாம அடுத்தவன் கையில குடுப்பனா?"

அவர் தன்னை நம்பவில்லை என்பதில் யோகராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலில் விழாத குறை.

அங்கேயே உட்கார்ந்து, டிஸ்க்கிடம் செக்டர் அளவைக் கேட்டுவிட்டு அளக்கும்படி புரோகிராமைத் திருத்தி ஓட்டினான். திரையில் வந்தது: 'பழுது இல்லை.'

அண்ணாச்சி முகம் சுருங்கியது. "மறுபடியும் 'இல்லை'யா?"

யோகராஜ் புரோகிராமைத் திறந்து, 'எல்லாம் சுகம்' என்று மாற்றி ஓட்டினான். அண்ணாச்சி மானிட்டருக்குச் சூடம் காட்டினார். காட்டி முடித்து, டிஸ்க்கின் தாழை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.