வழியில் நிற்காத வண்டி

உடலை ஏற்ற வேன் பின்பக்கமாக வர வேண்டும், அந்தக் காரை எடுங்கள் என்று காவலாளி மறுபடியும் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியின் பின்வாசலில், சவ அறைக்கு எதிரே, அங்கிருந்த ஒரே மரத்தின் நிழலைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு நின்றது அந்தச் சின்னக் கார். காலையில் அவள் கணவர் நிறுத்திய இடம். சாவி அவள் கைக்குள் இருந்தது. கொழுந்தன் கேட்டபோது, மகன் வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மகன் மதியத்துக்கு மேல்தான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனைச் சித்தப்பா ஓரமாக அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார். அதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. பழைய வண்டி இல்லையா, நடுவழியில் மக்கர் பண்ணியிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கிற ஆஸ்பத்திரிக்கு வர இவ்வளவு நேரமா ஆகும் என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். காரணம் ஒன்று வேண்டுமே? வண்டி நின்றுவிட்டதா என்று கொழுந்தன் கேட்டபோது இவள் வாயே திறக்கவில்லை. அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர்.

மக்கராவது! இருபத்துமூன்று வருஷத்தில் அந்த வண்டி ஒரு நாள், ஒரே ஒரு நாள், வழியில் நின்றதுண்டா? பெட்ரோலை மோந்து பார்த்தாலே போதும், ஓடும். இந்த மாதிரி நாலு வண்டி இருந்தால் நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மெக்கானிக்கே அலுத்துக்கொள்வார். நாளெல்லாம் அச்சகத்தில் மை நாற்றத்தில் நின்றுவிட்டு வருகிற அவள் கணவர், வளைந்து போகிற சாலையில் அதை ஓட்டும்போது மட்டும் இளவட்டமாகிவிடுவார். கியரை மாற்றிவிட்டு ஓரக்கண்ணால் இவளைப் பார்ப்பார். அதைப் பார்ப்பதற்காகவே இவள் கடைக்கும் கண்ணிக்கும் கூடப் போவாள்.

காலையில் நெஞ்சை அழுத்துகிறது என்றார். வாய்வாக இருக்கும் என்று வெந்நீர் கொடுத்தாள். வலி கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றதற்கு, அது கிளம்பி வருவதற்குள் நம் வண்டி போய்த் திரும்பியே வந்துவிடும் என்று சிரித்தார். அவளும் நம்பினாள். அந்த வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடி நம்பியது அந்த வண்டியைத்தானே.

பெரிய ரோட்டு முனையில் அவர் நேரே போகாமல் ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார். அது சுற்றுவழி. வலி விட்டுவிட்டது, நாலு வளைவு திரும்பினால் மிச்ச வாய்வும் கலைந்துவிடும் என்றார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. முதல் வளைவில் அவர் தோளில் போய் இடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பாவி, அவளும்தான் சிரித்தாள்.

முன்வாசலில் அவளை இறக்கிவிட்டு, நீ போய்ப் பேரைப் பதிந்து வை, வண்டியை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். வரவில்லை. தேடிப் போய்ப் பார்த்தபோது, கதவை ஒழுங்காகப் பூட்டிவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மகன் அவள் எதிரில் வந்து நின்றான்.

"அந்த டப்பாவை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவைம்மா சொன்னேன். கடைசியில அப்பாவைக் கொன்னுடுச்சு பாத்தியா."

பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். பழி தகரத்தின் மேல் போய்விடும். வண்டி என்ன, எதிர்த்துப் பேசவா போகிறது? மகன் அவளைக் கட்டிக்கொண்டு அழுவான். அவர் போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இவன் ஒருத்தன்தான். ஆனால் அவர் காதில் இது விழுந்திருந்தால் சும்மா இருந்திருப்பாரா?

"வண்டி நிக்கலடா."

"பின்ன?"

"ஏரிக்கரை ரோட்டுல வந்தோம்."

"ஏன், மெயின் ரோட்டுல கூட்டமா?"

"இல்ல. அவருக்கு அந்த வழியா ஓட்டணும்போல இருந்துச்சு. நானும் வேணாம்னு சொல்லல. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அவன் கையைத் தொடப் போனாள். அவன் மெதுவாக விலக்கிக்கொண்டான். கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

"சாவி" என்றான். அம்மா என்று சேர்த்துச் சொல்லவில்லை.

கொடுத்தாள். அவன் போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழையப் பார்த்தான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அவர் குள்ளமானவர். வேறு யாரையும் ஓட்டவிட்டதில்லை, மகனையும்தான். அதனால் வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இருக்கை அவர் காலுக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. மகன் குனிந்து அடியிலிருந்த கம்பியைத் தூக்கினான். இத்தனை வருஷம் நகராத இருக்கை முதலில் மசியவில்லை. முதுகால் ஓங்கித் தள்ளினான். கடகடவென்று அடியிலிருந்த பல் ஒவ்வொன்றாக மாறிப் பின்னால் போய் அடித்து நின்றது.

அவர் காலுக்கு இருக்கை எந்தப் பல்லில் இருந்தது என்று அவள் பார்த்து வைத்திருக்கவில்லை.