மாஸ்டரின் மயக்கப் பாடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கத்துவது அதோடு இலவசம். கடைசி வகுப்பில் மட்டும் கத்தமாட்டேன். ஓடும் வண்டியில் திடீரென்று தலையைத் தொங்கப்போட்டு மயங்கி விழுவேன். பதறாமல் வண்டியை ஓரங்கட்டுகிறார்களா என்று பார்க்கத்தான். எழுபதை நெருங்கும் வயதில் அந்த நடிப்பு எனக்குத் தத்ரூபமாகக் கைவந்திருந்தது. அரைக்கண்ணால் அவர்கள் முழிக்கும் முழியைப் பார்ப்பதில் அப்படியொரு அற்ப சந்தோஷம்.

அன்று டீச்சரம்மாவுக்குக் கடைசி வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டுகிறவர், என் வண்டியில் பெட்டிப்பாம்பு. பாலம் தாண்டியதும் மயங்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். பாலம் வருவதற்குள்ளேயே என் வலது கை மடியிலிருந்து நழுவியது. தூக்கப் பார்த்தேன், வரவில்லை. தலை தானாகச் சாய்ந்தது.

டீச்சர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

"போதும் மாஸ்டர், எந்திரிங்க. உங்ககிட்ட கத்துக்கிட்ட எங்க அண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

'நடிப்பில்லம்மா' என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். வெளியே வந்ததோ கொழகொழவென்று ஏதோ சத்தம்.

"அடேயப்பா! நாக்கு குழறுறது கூடவா? வயித்துவலின்னு நடிக்கிற என் பிள்ளைங்கள உங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்!" என்று கைதட்டினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிலையிலும் பாராட்டு எனக்கு இனித்தது. அடுத்த கணமே உறைத்தது. இவர் நம்பாவிட்டால், கைதட்டல் வாங்கிக்கொண்டே இங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவேன். பயமாக இருந்தது.

கடைவாயில் எச்சில் வழிந்தது. டீச்சரின் சிரிப்பு நின்றது.

"மாஸ்டர், எங்க, கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

சிரித்தேன். அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். இத்தனை வகுப்பில் நான் ஒருதடவைகூடச் சிரித்ததில்லை. எது என் சிரிப்பு, எது கோணல் என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மட்டும் எழுந்தது.

"விளையாடாதீங்க மாஸ்டர்..." அவரே என் வலது கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது.

அப்புறம் ஓட்டினார் பாருங்கள் ஒரு ஓட்டு! ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் கற்றுக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்ததும் டாக்டர் கேட்டார். "இது பக்கவாதம். எப்ப ஆரம்பிச்சது? உடனே கூட்டிட்டு வந்தீங்களா?"

டீச்சர் உடைந்து அழுதார். "பாலத்துக்கு முன்னாடியே, டாக்டர். நடிக்கிறாருன்னு கைதட்டிட்டு உக்காந்திருந்தேன். தப்பு என்னோடது."

கியர் மாட்டாவிட்டாலும், குறுக்கே நாய் வந்தாலும், 'தப்பு உன்னோடது' என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்! 'இல்லம்மா, என்னோடது' என்று ஒரே ஒருமுறை சொல்ல ஆசைப்பட்டேன். வாயைத் திறந்தேன். ஆ, ஆ என்றுதான் வந்தது.

"திட்டாதீங்க மாஸ்டர்" என்று அழுதுகொண்டே டீச்சர் என் வாயைத் துடைத்துவிட்டார்.