தோற்கக்கூடத் தெரியாத அணி

எங்கள் ஆர்ம்ஸ்பி கல்லூரியைப் பற்றி நெப்ராஸ்காவுக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டதில்லை. நெப்ராஸ்காவுக்கு உள்ளேயும் அப்படித்தான். சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நடுவில் ஒரு மணிக்கூண்டு, பக்கத்தில் நாங்கள் பேஸ்பால் என்ற பெயரில் ஏதோ செய்துகொண்டிருந்த ஒரு மைதானம். நான் அந்த அணியின் கேட்சர், ரஸ் டீட்ரிக். பிட்சர் எறியும் பந்தை, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பது என் வேலை. எங்கள் பிட்சர்கள் எறிந்த லட்சணத்துக்கு, பிடிப்பதைவிட எழுந்து ஓடிப் பொறுக்கியதே அதிகம்.

என் கடைசி வருட சீசன் தொடங்கும்போதே நாங்கள் இரண்டு வருடங்களாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. பிப்ரவரியில் பனி கொட்டியதால் தெற்கே கான்சாஸுக்குப் பஸ்ஸில் போய்த் தோற்றோம். மார்ச்சில் பனி உருகியதும் திரும்பி வந்து சொந்த மண்ணில் தோற்றோம். மேகமூட்டமான ஒரு நாளில் எங்கள் ரைட் ஃபீல்டர், கண்ணில் வெயில் அடித்துவிட்டது என்று சொல்லிப் பந்தை விட்டான்.

கோச் மெர்ல் கோஸ்டர் நல்ல மனுஷன். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடியே ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே உரையை ஆற்றுவார்.

"பசங்களா, இன்னைக்கு நெறைய கத்துக்கிட்டோம்."

"கோச், நாம இதுவரைக்கும் கத்துக்கிட்டதுக்கு எல்லாருக்கும் டாக்டர் பட்டமே குடுக்கலாம்" என்று பஸ்ஸின் பின்னாலிருந்து யாராவது கத்துவான். கோச்சும் சிரித்துவிடுவார். வேறென்ன செய்வார், பாவம்.

ஏப்ரல் தொடக்கத்தில்தான் விதி திரும்பியது. ஏதோ ஒரு டி.வி. விளையாட்டு நிகழ்ச்சியில் எங்கள் கூத்துகளைத் தொகுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மண்டையை முட்டிக்கொண்டது, நான் எறிந்த பந்து நடுவரின் பின்பக்கத்தைப் பதம் பார்த்தது, எல்லாம் பின்னணி இசையோடு வந்தது. சீசன் முடியும்வரை இப்படியே தோற்றால், நாட்டிலேயே அதிகம் தொடர்ந்து தோற்ற கல்லூரி அணி நாங்கள்தான் என்றும் சொன்னார்கள். நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. அடுத்த சனிக்கிழமை, வழக்கமாக எங்கள் வீட்டு ஆட்களும் ஒரு நாயும் மட்டுமே உட்காரும் பலகை வரிசைகளில் இடம் கிடைக்காமல் ஜனங்கள் நின்றார்கள்.

மறுநாள் பயிற்சிக்குக் கல்லூரித் தலைவர் டாக்டர் கான்ஸ்டன்ஸ் புரூயிட் வந்தார். அந்த அம்மாளுக்கு அதுவரை நாங்கள் செலவுக் கணக்கில் மொய்க்கும் ஒரு கொசு. அன்று அணித் தொப்பி போட்டிருந்தார். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்.

"நீங்க எல்லாரும் எவ்வளவு பெரிய உத்வேகம் தெரியுமா? விண்ணப்பம் குவியுது. டெக்சாஸ்ல இருந்துகூட வருது!" என்றார்.

கல்லூரிக் கடையில் டி-ஷர்ட் வந்தது. முன்னால் எங்கள் சின்னமான நீர்நாய் குப்புற விழுந்து கிடந்தது. பின்னால் 'விழுவோம், மீண்டும் விழுவோம்' என்று எழுதியிருந்தது. அதை எங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். என் தங்கைக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஓர் ஆட்டத்தில் எப்படியோ நாங்கள் முன்னிலையில் இருந்தோம். எனக்கே நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், வேலிக்குப் பின்னால் புரூயிட் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெளிறிப் போயிருந்தார். கடைசி இன்னிங்ஸில் வழக்கம்போல் நாங்கள் சொதப்பித் தோற்றதும், கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் எங்களைப் பார்த்துக் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்கு உறைத்தது. மற்றவர்களுக்கும்தான்.

மே மாதக் கடைசி ஆட்டம் கிரீன்லீஃப் கல்லூரியோடு. அவர்கள் எங்கள் பிரிவில் முதலிடம். ஒவ்வொருவனுக்கும் கழுத்து என் தொடையளவு இருக்கும். அதில் தோற்றால் சாதனை எங்களுக்கு. முந்தின நாள் கோச் ஆட்டக்காரர்களை அறிவித்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பிட்சர்... லைல் ஹுடெக்."

உடைமாற்றும் அறையில் எல்லாரும் திரும்பி லைலைப் பார்த்தோம்.

லைல் ஹுடெக் வேதியியல் மாணவன். செக் விவசாயக் குடும்பம். மூன்று வருடங்களாக அணியில் இருந்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. பயிற்சியில் நாங்கள் அடித்துப் பழகுவதற்காகப் பந்தெறிவான். அவன் பந்து அவ்வளவு மெதுவாக வரும். அவன் கையை விட்டுப் புறப்பட்ட பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டுகூட அடிக்கலாம். அவன் சீருடை துவைக்கவே தேவையில்லாமல் புதுசாக இருந்தது. இருந்தும் அவன் அம்மா விளாஸ்டா ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, மகன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கெல்லாம் பிளம் வைத்த கொலாச்சி ரொட்டி கொடுத்துவிட்டுப் போவார்.

மறுநாள் காலை நான் காலில் கவசம் கட்டிக்கொண்டிருந்தபோது லைல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரஸ், என்னைய ஏன் போட்டாங்கன்னு தெரியுமாடா?"

"கடைசி ஆட்டம்ல... எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு..."

"பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லுடா."

நான் கவசத்தின் வாரை இன்னொரு முறை இறுக்கினேன்.

"நேத்து போன்ல சொன்னதும் எங்கம்மா அழுதுட்டாங்க. புள்ளையோட தெறமைய கடைசியா கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நெனப்பு. சித்தப்பா, அத்தை, பக்கத்துப் பண்ணைக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றாங்க."

"வேணாம்னா கோச்கிட்ட சொல்லிரு. வயித்து வலின்னு சொல்லு."

"எதுக்குச் சொல்லணும்? நான் எறியத்தான் போறேன். என்னால முடிஞ்ச மட்டும் நல்லா எறிவேன். அதுவும் கேவலமாத்தான் இருக்கும். ஆனா அது என் கேவலம்டா. அவங்க எழுதிக் குடுத்த கேவலம் இல்ல."

அந்த நேரம் புரூயிட் அம்மாள் உள்ளே வந்தார். பின்னால் ஒரு கேமராக்காரன். "வெற்றி தோல்வியெல்லாம் முக்கியமே இல்ல கண்ணுங்களா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முக்கியமா வெற்றி" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் கிரீன்லீஃப்காரன் மட்டையோடு வந்து நின்றான். லைல் கையை நிதானமாகச் சுழற்றி எறிந்தான். பந்து மிதந்து வந்தது. அந்த ஆள் பந்து பாதி வழியில் இருக்கும்போதே முழு பலத்தோடு மட்டையை வீசி, தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி நின்றான். அப்புறம்தான் பந்து சாவகாசமாக என் கையுறைக்குள் வந்து விழுந்தது.

"என்னடா எறியறான் இவன்?" என்று என்னிடம் கேட்டான்.

"பந்துதான்" என்றேன்.

எனக்குப் புரிந்தது. இந்தத் தடியன்கள் வருடம் முழுக்க மின்னல் வேகப் பந்துகளை அடித்தே பழகியவர்கள். கை தானாகப் போய்விடுகிறது, பந்து இன்னும் வந்து சேரவில்லை. நாங்கள் பயிற்சியில் அவன் பந்துக்குப் பழகிப்போயிருந்ததால் அதை அடித்தோம். இவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒருவன் காற்றை அடித்தான், ஒருவன் வானத்துக்கு அடித்தான், ஒருவன் தன் கால் பெருவிரலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினான். அவர்களுடைய கோச் தொப்பியைத் தரையில் அறைந்தார்.

"பொறுமையா இருங்கடா! ஒரு பாட்டு பாடி முடிச்சிட்டு அப்புறமா அடிங்கடா!"

ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் மூன்றாவதில் எங்கள் ஆள் ஒருவன் நேராகக் கைக்கு வந்த பந்தைக் கூட்டத்துக்குள் எறிந்ததால் அவர்களுக்கு ஒரு ரன் கிடைத்தது. பலகை வரிசைகளில் ஒரே ஆரவாரம். ஏழாவதில் அவர்களும் அதே தப்பைச் செய்து எங்களுக்கு ஒரு ரன் தந்தார்கள். ஆரவாரம் இல்லை. விளாஸ்டாவும் அவருடைய பண்ணைக் கூட்டமும் மட்டும் எழுந்து குதித்தார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்த ஒருவர் எழுந்து, "உக்காருங்கம்மா, இவங்க தோக்கறதப் பாக்கத்தான் டென்வர்ல இருந்து வந்திருக்கேன்" என்று சிடுசிடுத்தார்.

"என் புள்ள எறியறதப் பாக்க நான் மூணு வருஷமா வந்துட்டிருக்கேன், நீங்க உக்காருங்க!" என்றார் விளாஸ்டா. டென்வர்க்காரர் உட்கார்ந்தார்.

எட்டாவதில், ரன்னுக்கு ஓடும் வழியிலுள்ள மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்க, மட்டையோடு நான். அடித்து எதையும் சாதிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் களைத்துப்போன அவர்களுடைய பிட்சரின் பந்து கைநழுவி நேராக என் விலாவைத் தேடி வந்தது. விலகியிருக்கலாம். மட்டைக்காரன் மேல் பந்து பட்டால் அவனுக்கு முதல் பேஸ் இலவசம், முன்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு இடம் நகர்வார்கள், ஒரு ரன் உள்ளே வரும் என்பது அந்த அரை வினாடியில் எனக்கு நினைவு வந்தது. என் வாழ்க்கையில் ஒரு பாடத்தை நேரத்துக்கு நினைவு வைத்தது அன்றுதான். விலா எலும்பு 'படக்' என்றது. இரண்டுக்கு ஒன்று. நாங்கள் முன்னால்.

கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. சொந்தக் கல்லூரிக் கூட்டம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், கிரீன்லீஃபுக்குக் கடைசி வாய்ப்பு. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் நாங்கள் ஜெயித்துவிடுவோம். ஒருவன் பேஸில் நின்றான். அடுத்து வந்தவன் அவர்களுடைய மிகப் பெரிய தடியன். அப்போது புரூயிட் அம்மாள் எழுந்து வந்து, எங்கள் பெஞ்சை ஒட்டிய கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தார். நான் குந்தியிருந்த இடத்துக்குக் கேட்டது.

"மெர்ல், அந்தப் பையனுக்குக் கை வலிக்குது போல. மாத்திடுங்களேன். உங்க ஒப்பந்தம் பத்திக்கூட திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்னு இருந்தேன்."

மாற்றுவதற்கு இருந்தவன் பிராடி. அவன் எறிந்தால் பந்து விளம்பரப் பலகைக்குப் போகும். கோச் விதைத் தோலைத் துப்பினார். மெல்ல நடந்து லைலிடம் போனார். நானும் விலாவைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"கை வலிக்குதாடா?"

"இல்ல கோச்."

"வலிக்குதுன்னு சொல்லு. சொன்னா எல்லாருக்கும் நல்லது."

"வலிக்கல கோச்."

கோச் பலகை வரிசைகளைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். அறுபது வயதில் ஒரு மனிதன் வேலையை நினைத்து எச்சில் விழுங்குவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நடுவர் வந்து, "என்ன மெர்ல், மாத்துறீங்களா இல்லையா?" என்றார்.

"ஏன்யா அவசரப்படுத்துற? பையனுக்கு வாழ்த்து சொல்லிட்டிருக்கேன்" என்று எரிந்து விழுந்துவிட்டு, லைலின் கையில் பந்தைத் திணித்தார். "இன்னும் மெதுவா எறி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

லைல் இன்னும் மெதுவாக எறிந்தான். அது முடியும் என்று எனக்குத் தெரியாது. தடியன் காத்திருந்தான், பல்லைக் கடித்தான், அதற்கு மேல் தாங்காமல் வீசினான். பந்து நேராக மேலே போயிற்று. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். பந்து கைப்பிடிக் கம்பியை நோக்கி இறங்கியது. அங்கேதான் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நகரவில்லை. கம்பிக்கு மேல் சாய்ந்து, அவர் தொப்பியின் விளிம்பை உரசியபடி கையுறையை நீட்டினேன். பந்து விழுந்தது. உள்ளேயே நின்றது. அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்.

"வாழ்த்துகள்" என்றார். இழவு வீட்டில் கைகொடுக்கிறவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப் புரண்டோம். எப்படிக் கொண்டாடுவது என்று தெரியாததால் இரண்டு பேருக்கு அடிபட்டது. ஜனங்கள் பேசாமல் கலைந்துபோனார்கள். டென்வர்க்காரர் பார்க்கிங் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகக் கேள்வி. டி.வி. நிருபர் மட்டும் லைலிடம் மைக்கை நீட்டினார்.

"ஒரு வரலாற்றுச் சாதனையக் கெடுத்துட்டீங்களே, வருத்தமா இல்லையா?"

லைல் பதில் தேடுவதற்குள் விளாஸ்டா நடுவில் புகுந்து நிருபரின் கையில் ஒரு கொலாச்சியைத் திணித்தார். "சாப்பிடுங்க தம்பி. ரொம்ப எளச்சிருக்கீங்க." அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவில்லை.

சாயங்காலம் உணவுக் கூடத்தில் எங்களுக்கு விருந்து இருந்தது. தோல்வி விருந்து. பெரிய கேக்கில் 'நாட்டின் முதன்மைத் தோல்வியாளர்களுக்கு வாழ்த்து' என்று நீல எழுத்தில் க்ரீம் வைத்திருந்தார்கள். அலுவலக ஆட்கள் யாரும் வரவில்லை. கோச் கத்தியை எடுத்து, 'தோல்வியாளர்களுக்கு' என்ற சொல்லை மட்டும் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"இத நான் தின்னுடுறேன். மிச்சத்த நீங்க தின்னுங்க" என்றார்.

திங்கட்கிழமை யாரும் அவரோடு ஒப்பந்தம் பேசவில்லை. ஜூன் மாதம் கல்லூரி பேஸ்பால் அணியைக் கலைத்தது. கல்லூரி வைத்திருந்த எதிர்பார்ப்பை அணி நிறைவேற்றத் தவறிவிட்டது என்று புரூயிட் அம்மாள் அறிக்கை விட்டார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கோச் இப்போது ஃப்ரீமாண்டில் பாசன மோட்டார் விற்கிறார். என் விலா மழைக்காலத்தில் வலிக்கிறது. லைல் வேதியியலில் மேற்படிப்புக்குப் போனான். போன நன்றிநவிலல் விருந்துக்கு அவர்கள் பண்ணைக்குப் போயிருந்தேன். வான்கோழி வெந்துகொண்டிருந்தபோது கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அவன் எறிய, நான் பிடித்தேன். பந்து வந்து சேர்வதற்குள் எனக்குப் பசித்துவிட்டது.