கலர் விழாத படம்

"இதுவும் நீலம்," என்றாள் அம்மா.

மகள் அடுத்த படத்தைத் தட்டினாள். பாதி முகம் சிவப்பு, பாதி பச்சை.

அப்பா காலையில் இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குள் அவர் படம் ஒன்று பிரிண்டுக்குப் போக வேண்டும். ஸ்டுடியோ வைத்திருக்கிற வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று சித்தப்பா வேறு கேட்டுவிட்டுப் போனார். பஞ்சமே இல்லை, நானூறு இருந்தன. வாடிக்கையாளர் வருமுன் மகள் அப்பாவைத்தான் நாற்காலியில் உட்காரவைத்து, விளக்குகளின் முன் கலர் தாள்களை மாற்றி மாற்றிச் செருகிப் படம் எடுத்துப் பார்ப்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே முகத்தைத் திருப்புவார். அவருக்கென்று ஒரு படம் எடுக்கத் தோன்றியதே இல்லை.

"சினிமா வில்லன் மாதிரி இருக்காரு." அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "கண்ணு எத்தனை நாளா மஞ்சளா இருக்கு?" என்றுதான். தினமும் அந்த முகத்தை உற்றுப் பார்த்தவள் மகள். மஞ்சள் அவள் கண்ணில் பட்டதே இல்லை. அந்தக் கேள்வி அப்போதிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கடைசி ஃபோல்டரில் ஒரு படம், மூன்று மாதம் முந்தியது. அவசரத்தில் கலர் தாளைச் செருகவே மறந்து எடுத்திருக்கிறாள். வேண்டாத படம், அழிக்கவும் மறந்திருக்கிறாள். "ஆச்சாம்மா?" என்று கேட்கப்போகிறவர்போல அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"இதுதான்டி உங்கப்பா!" என்றாள் அம்மா.

"கண்ணு மஞ்சளா இருக்கும்மா."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"உன் லைட்டா இருக்கும்."

"அன்னிக்கு லைட்ல கலரே போடலம்மா. மூணு மாசம் முன்னாடியே நான் மட்டும்..."

"லைட்டுதான்டி." அம்மா அவள் தோளைப் பிடித்து எழுந்தாள். "சரிபண்ணி அனுப்பு. சித்தப்பா காத்துட்டிருக்காரு."

மகள் படத்தைப் பெரிதாக்கினாள். திரை முழுக்க ஒரே ஒரு கண். மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தாள். இன்னும் கொஞ்சம். அது வெளுத்ததும் அடுத்த கண்ணுக்குப் போனாள்.