ஓரம் வெட்டிய புத்தகங்கள்

மிருகக்காட்சிசாலைக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்த ஊரிலேயே உண்டு. நூலகர் வீட்ஸ்கே ஹூக்ஸ்த்ராவின் சொந்த அண்ணனே, ஒவ்வொரு பிறந்தநாளன்றும் உறவுக்காரர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, "குரங்குங்க இந்த மாசம் என்ன படிக்குதும்மா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கேக்கை நீட்டுவாள்.

ஆனால் தாயில்லாத நீர்நாய்க் குட்டிக்கு எந்தப் பால், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று லிஸ்பனிலிருந்து கேட்பார்கள். தீக்கோழி ஆணி விழுங்கினால் எத்தனை நாளில் வெளியே வரும் என்று ஒரு விலங்கு மருத்துவர் எழுதுவார். மாதத்துக்குப் பதினைந்து கடிதமாவது வரும். அத்தனைக்கும் பதில் அவள் அலமாரியில் இருந்தது. அச்சடித்த நூல்களைவிட நாட்குறிப்புகளில்தான் அதிகம் இருந்தது.

அவை உருவாகும் விதம் இப்படி. காலை பத்து மணிக்குக் காபி. ஒவ்வொரு பிரிவின் பராமரிப்பாளரும் முந்தின நாளின் தாளைக் கொண்டுவந்து போடுவார். பென்சிலில்தான் எழுதியிருக்கும், மழை பட்டால் மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். தாளில் நான்கே கட்டங்கள்: உணவு, உடல்நலம், பிறப்பு, இறப்பு. காபி ஆறுவதற்குள் அலுவலகத்தார் பிறப்பையும் இறப்பையும் தங்கள் பேரேட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு தாள் நூலகத்துக்கு வரும். ஆண்டு முடிந்ததும் பைண்டிங்குக்குப் போகும். 1969 முதல் 1985 வரை பறவைப் பிரிவுக்கு மட்டும் பதினேழு தொகுதிகள், பச்சைத் துணி அட்டை போட்டு, ஒரு மயிரிழை ஏறி இறங்காமல் நின்றன. வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த வரிசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல எல்லாம் மூட்டையா கட்டிப் போட்டிருக்கும் மேடம்" என்பார்கள். அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

1986 செப்டம்பரில் ஜெர்மனியிலிருந்து லோமயர் அம்மையாரின் கடிதம் வந்தது. உலகத்தில் எங்கெல்லாம் வெண்கழுத்து நாரை கூண்டில் இருக்கிறதோ, அதன் தாய் யார், தகப்பன் யார் என்று வம்சப் பதிவேடு வைத்திருப்பவர் அவர்.

விஷயம் இதுதான். வீட்ஸ்கேயின் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த ஆறு இளம் நாரைகளை அக்டோபரில் தூரக்கிழக்குச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பி, காட்டு நாரைகளோடு விடப்போகிறார்கள். அவற்றின் தகப்பன், 31ஆம் எண் கால்வளையம் போட்ட நாரை, 1974இல் நான்காம் கொட்டில் ஜோடிக்குப் பிறந்ததாகப் பதிவு. தாய், 38ஆம் வளையம், 1975இல் ஏழாம் கொட்டில் முட்டையை மின்சார அடைகாப்புப் பெட்டியில் வைத்துப் பொரித்தது. வேறு வேறு வம்சம், நல்ல பொருத்தம். ஆனால் புகைப்படத்தில் இரண்டுக்கும் நடுவிரல் ஒரே மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கிறதே, ஏழாம் கொட்டில் தாய்க்கும் அப்படித்தானே என்று அம்மையாருக்கு ஒரு உறுத்தல். இரண்டும் உடன்பிறப்பாக இருந்தால், அந்த ஆறும் நலிந்த ரத்தத்தைக் கொண்டுபோய், மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சக் கூட்டத்தில் கலக்கும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. 'மூல நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் சொல் போதும்' என்று முடித்திருந்தார்.

வீட்ஸ்கே 1974ஐ எடுத்துப் பிரித்தாள். மே 11. 'கொட்டில் 4: இரண்டு பொரிந்தன.' சரியாகத்தான் இருந்தது. மூடப்போனவளின் கண்ணில் தாளின் வலது விளிம்பு பட்டது. அங்கே பென்சில் கீறல்கள், ஏதோ எழுத்துகளின் வால்கள். தலையும் உடம்பும் இல்லை. அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. 1970 ஜனவரி. முதல் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்த சமயம். பைண்டர் தொலைபேசியில் கேட்டார்: "ஓரத்துல பென்சில்ல என்னமோ கிறுக்கியிருக்கு மேடம். விடவா, வெட்டவா?" 

"வெட்டிருங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கணும்."

கையிலிருந்த காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்ன பதில். அதற்குப் பிறகு பைண்டர் கேட்கவேயில்லை. வருஷாவருஷம் வெட்டினார்.

ஹார்மன் போல்ஹௌஸ் முப்பது வருஷம் நாரைகளைப் பார்த்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. ரயில் பாதைக்குப் பின்னால் வாடகைத் தோட்டத் துண்டு ஒன்றில் வெங்காயத்தாள் போன்ற லீக் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அடடே, புத்தக ராணி! சேறு ஒட்டிக்கும், பாத்து."

"ஹார்மன், எழுபத்திநாலு மே பதினொண்ணு. நாலாம் கொட்டில் தாளோட ஓரத்துல என்ன எழுதினீங்க?"

"ஏன், உன் புத்தகத்துல இல்லயா?"

"இல்ல."

"எங்க போச்சாம்?"

"பைண்டிங்ல வெட்டுப்பட்டுடுச்சு."

"தானா வெட்டுப்பட்டுடுச்சா?" அவர் ஒரு லீக்கைப் பிடுங்கி மண்ணை உதறினார். "கத்திக்குக் கைகால் முளைச்சு நடந்து வந்துச்சோ?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

ஹார்மன் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். "பத்து வருஷமாச்சு இந்த ஒரு வார்த்தை வர."

பிறகு சொன்னார். "ஏழாம் நம்பர் பொட்டைக்கு முட்டை போட மட்டும்தான் தெரியும். போட்டதும் கொத்தித் தின்னுடும். நாலாம் நம்பர் அப்படியில்ல, உருளைக்கிழங்க வெச்சாலும் உக்காந்து அடைகாக்கும். அதனால ஏழோட முட்டைய எடுத்து நாலுக்கு அடியில வெப்பேன். நம்ம தாள்ல அதுக்குக் கட்டம் கெடயாதே. அலுவலகத்துல கேட்டா, எங்க பொரிஞ்சுச்சோ அங்க எழுது, போதும்னாங்க. நான் ஓரத்துல எழுதினேன். எது யார் முட்டைன்னு ஒண்ணு விடாம. நூலகத்துக்குத்தானே போகுது, அங்க ஒருத்தி இருக்கா, பத்திரமா வெப்பான்னு."

"முப்பத்தொண்ணு?"

"ஏழோடது. ஆலங்கட்டி மழை. சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனேன். வயித்துல சூடா இருந்துச்சு."

அப்படியானால் 31ம் 38ம் ஒரே தாய்க்குப் பிறந்தவை. வீட்ஸ்கே சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டினது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"எழுபத்தாறுல. ஒரு சந்தேகத்துக்குப் பாக்க வந்தேன். நீ விடுப்புல இருந்த. பிரிச்சுப் பாத்தேன், மூடி வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எதுக்கு? கொட்டில் கழுவுறவன் கையெழுத்த ஏன் வெட்டினன்னு உன் முன்னாடி வந்து அழவா? பென்சிலப் பையில போட்டேன். அதுக்கப்புறம் ஓரத்துல ஒரு எழுத்து எழுதல."

"முட்டை மாத்துறதயும் நிறுத்திட்டீங்களா?"

"அத எப்படி நிறுத்துவேன்? பெட்டியில பொரிஞ்சது மனுஷன் பின்னாடியே ஓடும். காட்டுக்கு ஆகாது. நிறுத்தினா ஏழுக்கு உருப்படியான குஞ்சே கெடயாது."

"எத்தனை மாத்தினீங்க?"

"எண்ணல."

"ஹார்மன்! உங்க ரோஷத்துக்கு..."

"உன் அலமாரி அழகுக்கு" என்றார் அவர், அவள் முடிக்கும் முன்பே. அவள் சைக்கிளை நிமிர்த்தினாள். புறப்படும்போது, பழக்கம் பாருங்கள், ஒரு கட்டு லீக்கைச் சைக்கிள் கூடையில் வைத்தார். அவளும் நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை இயக்குநர் டாக்டர் வான் ரேகமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேசைமேல், நாரைகள் புறப்படுவதைப் படமெடுக்கத் தொலைக்காட்சிக்காரர்களோடு பேசி வைத்த தேதிகள் கிடந்தன.

"அந்தம்மா என்ன கேட்டாங்க? நாட்குறிப்புல என்ன இருக்குன்னுதானே?"

"ஆமா டாக்டர்."

"என்ன இருக்கு?"

"நாலாம் கொட்டில்னு இருக்கு."

"அப்போ அத எழுதுங்க. இதுல பொய் எங்க இருக்கு மேடம்? ஓரத்தப் பத்தி யாரும் கேக்கல. ஒரு கோவக்காரக் கிழவன் தோட்டத்துல உக்காந்து சொன்னத நாம எழுத்துல குடுக்க முடியுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தணிந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "நல்லா யோசிங்க. நீங்க வாயத் தொறந்தா ஆறோட நிக்காது. நம்மகிட்ட இருக்குற நாப்பத்திமூணு நாரையும் சந்தேகம்தான். நம்ம குஞ்சுகளை வாங்கின ஊருங்களும் கேக்கும். உங்க புத்தகத்த இனிமே எவன் நம்புவான்?"

அவள் முதலில் அவர் சொன்ன கடிதத்தைத்தான் தட்டச்சு செய்தாள். ஒரே வரி. 'மே 11, 1974 நாட்குறிப்பின்படி நான்காம் கொட்டில்.' நூலக முத்திரையும் வைத்தாள். அது ஒரு நாள் முழுக்க மேசைமேல் கிடந்தது. அன்று அவள் வேறு வேலை பார்க்கவில்லை. பதினேழு தொகுதிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, வால் மட்டும் மிஞ்சிய பக்கங்களை எண்ணினாள். 1976 ஜூன் வரை இருநூற்றுப் பதினாறு. அதன்பின் விளிம்புகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கடைசியில் அவளால் தாங்க முடியாமல் போனது அந்த வெள்ளைதான். வெட்டுப்பட்டதற்கு அவள் பொறுப்பு என்றால், எழுதப்படாததற்கும் அவள்தானே.

இரண்டாவது கடிதம் மூன்று பக்கம் வந்தது. 'எங்கள் பராமரிப்பாளர் சரியாகவே எழுதினார். அதை வெட்டச் சொன்னது நான்' என்று தொடங்கி, ஹார்மன் சொன்னது, எண்ணிக்கை, 1976க்குப் பிறகு எதுவுமே இல்லாதது, எல்லாவற்றையும் எழுதினாள். இயக்குநரிடம் நகல் கொடுத்தாள். மூலத்தைத் தானே சைக்கிளில் கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். நேர்மைக்கு நன்றி, 31ம் 38ம் பிரிக்கப்பட வேண்டும், ஆறு இளம் பறவைகளை அனுப்ப முடியாது, அங்கு 1969 முதல் பொரிந்த எந்த நாரையின் பெற்றோரையும் இனி உறுதியாகக் கொள்ள முடியாது, எனவே அவை இனப்பெருக்கத்திலிருந்து நீக்கப்படுகின்றன. கீழே கையால் எழுதிய ஒரு வரி: 'சிறந்த நூலகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.'

தொலைக்காட்சிக்காரர்கள் வரவில்லை. ஆறு பறவைகளும் குழந்தைகள் ரொட்டி போடும் பூங்காக்களுக்கு இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் பதினைந்திலிருந்து எட்டாயின, பிறகு மூன்றாயின. லிஸ்பனிலிருந்து வருவது முதலில் நின்றது. இயக்குநர் அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. பத்து மணிக் காபிக்கு அவள் வந்தால் மட்டும் பேச்சைத் தானிய விலைக்கு மாற்றுவார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு முற்பகல், நாரைக் கொட்டில் வேலியருகே ஹார்மன் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கையில் அது மடங்கிக் கிடந்தது. உள்ளே நான்காம் நம்பர் பெட்டை கூட்டில் உட்கார்ந்திருந்தது. கிழடாகிவிட்டது, கழுத்து வெள்ளை மங்கியிருந்தது. அதன் கீழே இருந்தவை, நிஜ முட்டைகளை எடுத்துவிட்டு வைத்த, தச்சுப்பட்டறையில் கடைந்து சாயம் பூசிய மர முட்டைகள். இனி இங்கே குஞ்சு பொரிக்கக் கூடாது என்பது விதி.

"நாலாம் கொட்டில்னு ஒரு வரி எழுதிட்டு விட்டிருக்கலாம்ல?" என்றார் ஹார்மன், அவளைப் பார்க்காமல்.

"எழுபத்தாறுல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது? கண்ணாடி மாதிரி வெச்சிருந்த எல்லாத்தையும்."

பெட்டை எழுந்தது. அலகால் ஒரு முட்டையை உருட்டித் திருப்பிவிட்டது, மறுபக்கமும் சூடு படட்டும் என்று. மறுபடி மெதுவாக, கால்களை மடக்கி உட்கார்ந்தது.

"எத்தனை நாள் இப்படி உக்காரும்?"

"பொரியிறதா இருந்தா முப்பது நாள்."

"பொரியலன்னா?"

"தானா எழாது. நாமதான் எடுத்துடணும். அப்போ ரெண்டு நாள் கத்தும்." அவர் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டார். "நான் இருந்தப்போ எடுக்க வேண்டி வந்ததில்ல."

மணி பத்தாகப்போகிறது, தாள்களை வாங்கத் தான் அங்கே இருக்க வேண்டும் என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.